இரண்டாவது பட்டியல்

அத்தியாயம் 14

அண்ணியை என்ன காரணம் சொல்லி மருத்துவமனைக்கு வரவழைப்பது என்று காலை ஏழரை மணி வரை பிரமிளாவுக்குத் தெரியவில்லை.

முந்தின நாள் மாலை திறந்த பட்டியல் இன்னும் திரையில் இருந்தது. முந்நூற்றுப் பதினோரு பெயர்கள். அறுபத்து நான்காவது பெயர் ருக்குமணி, ராமதாஸின் மகள், ஐம்பத்திரண்டு வயது, கடலுக்கு அக்கரையில் புக்கிட் மெர்தாஜாம் முகவரி. அடையாள அட்டை எண்ணை மூன்று தடவை சரிபார்த்துவிட்டாள். அவளுடைய அண்ணன் கோகுலனின் மனைவியேதான்.

தஞ்சோங் கெனாரி மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் பிரமிளாவுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது அவள் உருவாக்கிய கணினி அமைப்பு. ஸ்கேன் அறிக்கையின் கடைசி வரியில், 'ஆறு மாதம் கழித்து மறுபடி எடுக்கவும்' என்று எழுதியிருப்பார்கள். வார்டில் அதை யாரும் கவனிக்காமல் நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிடுவது உண்டு. அவளுடைய அமைப்பு தினமும் எல்லா அறிக்கைகளையும் படித்து, திரும்பி வராதவர்களின் பெயரைத் தாதிகளிடம் கொடுக்கும். தாதிகள் போன் போட்டு வரவழைப்பார்கள். இந்தப் பத்து மாதத்தில் முப்பத்தெட்டுப் பேருக்கு நோய் முற்றுவதற்குள் கண்டுபிடித்தாயிற்று.

ஆனால் தொடங்கிய முதல் வாரமே பெயர்கள் கொட்டின. தாதிகள் திணறினார்கள். அதனால் பிரமிளா ஒரு விதியைச் சேர்த்தாள். நுரையீரலில் எட்டு மில்லிமீட்டருக்கும் சிறிய புள்ளி, நோயாளி சிகரெட் பிடிக்காதவர் என்றால் அந்தப் பெயர் இரண்டாவது பட்டியலுக்குப் போய்விடும். அவசரமில்லாதவர்கள். மாதம் ஒரு முறை தானே அதைத் திறந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தாள்.

ஜூனில் பார்த்தாள். ஜூலையில் பார்த்தாள். ஆகஸ்ட்டில் வேறு ஐந்து மருத்துவமனைகள் அமைப்பைக் கேட்டன. கூட்டம், பயணம், விளக்கவுரை என்று ஓடினாள். எட்டு மாதம் அந்தப் பட்டியல் மூடியே கிடந்தது.

அந்த விதி அவளுடைய சொந்த விதிகூட இல்லை. வெளிநாட்டு வழிகாட்டிக் குறிப்பு ஒன்றிலிருந்து எடுத்தது. நம் பக்கத்துப் பெண்களில் நுரையீரல் புற்று வருபவர்களில் பாதிக்கு மேல் ஒரு சிகரெட்டைக்கூடத் தொட்டதில்லை என்று மாணவர்களுக்கு வருடாவருடம் பாடம் எடுப்பவளும் அவள்தான்.

கதவு தட்டப்பட்டது. ஷரீஃபா உள்ளே வந்தார். இருபத்தாறு வருடம் தாதியாக இருந்தவர். இப்போது பட்டியலில் உள்ளவர்களைக் கூப்பிடும் குழுவுக்குத் தலைவி.

"டாக்டர், நேத்து நான் கேட்டது என்ன ஆச்சு? ரெண்டாவது லிஸ்ட்ட யாரு பாக்கிறதுன்னு அந்த அஞ்சு ஆஸ்பத்திரியும் எழுதிக் கேக்கிறாங்க. வெள்ளிக்கிழமை ஒப்பந்தத்துல கையெழுத்து."

பிரமிளா திரையை அவர் பக்கம் திருப்பினாள். ஷரீஃபா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேதிகளைப் பார்த்தார். அவருக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை.

"இவ்வளவு பேரா? ஏன் எங்ககிட்ட வரலே?"

"நான் பாக்கிறேன்னு சொல்லிட்டு நான் பாக்கலே, அக்கா."

ஷரீஃபா நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு, "இப்பவே கூப்பிட ஆரம்பிக்கட்டா?" என்றார்.

"கொஞ்சம் பொறுங்க. டாக்டர் ஹைதர்கிட்ட பேசணும். அதோட..." அவள் அறுபத்து நான்காவது பெயரின் மேல் விரலை வைத்தாள். "இது எங்க அண்ணி."

"அல்லா" என்று ஷரீஃபா மெல்லச் சொன்னார். கொஞ்சம் கழித்து, "அவங்கள மொதல்ல கூப்பிடுங்க. தப்பில்லே. ஆனா மத்தவங்களும் யாருக்கோ அண்ணிதான் டாக்டர்" என்றார்.

அவர் போனதும் பிரமிளா போனை எடுத்தாள்.

"அண்ணி, நான்தான்."

"என்னம்மா காலங்காத்தால? பசியாறிட்டியா?"

"ஆச்சு. இன்னைக்கு இங்க வர முடியுமா? போன வருசம் கிட்னி கல்லு வலிக்கு ஸ்கேன் எடுத்தோமே, அதுக்கு மறுபடி ஒரு தடவ பாக்கணும். சும்மாதான்."

 ருக்குமணியின் குரல் மலர்ந்தே வந்தது.

"நானே வரணும்னு இருந்தேன். உங்கண்ணன் போன வாரம் என்ன கேட்டாரு தெரியுமா? 'அவ எப்படி இருக்கா'ன்னாரு. மூணு வருசத்துல மொத தடவ. ஒம்பது மணி கொமுட்டர் ரயில பிடிச்சு ஃபெரியில வந்துடறேன். சாயங்காலம் அவரையே ஃபெரி ஜெட்டிக்கு வந்து ஏத்திக்கச் சொல்றேன். நீயும் என்கூட அக்கர வரைக்கும் வாயேன். ரெண்டு வார்த்த பேசேன்."

"வரேன், அண்ணி" என்றாள் பிரமிளா.

மூன்று வருடத்துக்கு முன் அவர்கள் அப்பா அய்யாக்கண்ணு புற்றுநோயில் படுத்திருந்தபோது, இனி மருந்தை நிறுத்திவிடலாம் என்று சொன்னவள் பிரமிளா. மருந்து அவரை வாட்டுகிறதே தவிர வேறு பலனில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. கோகுலனுக்கு அது தெரியவில்லை. தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை. பதினாறாம் நாள் சடங்கில் எல்லார் முன்னாலும், "எங்கப்பாவ ரிப்போர்ட்ட மட்டும் பாத்து முடிவு பண்ணிட்டா" என்று சொல்லிவிட்டுப் போனவன்தான். அதன்பின் அவள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. இருவருக்கும் நடுவே ருக்குமணி மட்டும் மதிய வேளைகளில் ரகசியமாகப் போன் செய்துகொண்டு, தீபாவளிக்குப் பலகாரம் கொடுத்தனுப்பிக்கொண்டு, ஒரு நூலை அறுந்துபோகாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கல் வலி நாளில்கூட, கோகுலன் இல்லாத நேரமாகப் பார்த்துப் பிரமிளா வார்டுக்குப் போய் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கல் எத்தனை பெரிது, தானாக விழுமா என்று வார்டு டாக்டரிடம் கேட்டாள். அறிக்கையின் கடைசி வரிக்கு அவளும் போகவில்லை.

ருக்குமணி பத்தரைக்கு வந்தாள். ஊதா நிறச் சேலை, கழுத்தில் வியர்வை, கையில் மூன்றடுக்குப் பாத்திரம். லிஃப்ட்டுக்குக் காத்திருக்காமல் இரண்டு மாடி படியேறி வந்திருந்தாள்.

"நெத்திலி சம்பல். காரம் கொஞ்சமாத்தான் போட்டேன். நீ கேன்டீன்ல தின்னு தின்னுதான் இப்படி ஆயிட்டே."

"படியேறினப்ப மூச்சு வாங்குச்சா அண்ணி?"

"ஐம்பத்திரண்டு வயசுல வாங்காம இருக்குமா?"

"இருமல் ஏதாவது?"

"விடிகாலைல கொஞ்சம். ஊரெல்லாம் புகை மூடுச்சே, அந்த சீசன்லேர்ந்தே இருக்கு. என்னம்மா, டாக்டர் மாதிரி கேக்கிறே?" என்று சொல்லித் தானே சிரித்தாள்.

ஸ்கேன் அறையில் அதிக நேரம் ஆகவில்லை. மூச்சை இழு, பிடி, விடு என்று மலாயில் சொன்ன குரலுக்கு ருக்குமணி ஒழுங்காகக் கீழ்ப்படிந்தாள். வெளியே வந்து வளையல்களை மாட்டிக்கொண்டே, "அவ்வளவுதானா?" என்றாள்.

அவளைத் தன் அறையில் உட்காரவைத்துவிட்டு பிரமிளா கீழே போனாள். படம் பார்க்கும் இருட்டறையில் இளம் சீன டாக்டர் ஒருத்தி இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தாள். இடதுபக்கம் பதினான்கு மாதத்துக்கு முந்தியது, சிறுநீரகக் கல்லுக்காக எடுத்ததில் மேல் ஓரமாக விழுந்தது. வலது நுரையீரலின் அடியில் மிளகு போல ஒரு புள்ளி. இன்றைய படத்தில் அது மிளகு இல்லை. ஓரமெல்லாம் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தது.

"நைன்டீன்" என்றாள் அவள், அளவுகோலை நகர்த்தி. பிறகு, சொந்தக்காரரா என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

பிரமிளா ஆமாம் என்று தலையசைத்தாள். இப்படிப்பட்ட படங்களை அவள் ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறாள். ஓரத்தில் அப்படி முள் இருந்தால் அவள் மாணவர்களிடம் என்ன சொல்வாள் என்பதும் அவளுக்குத் தெரியும். நிணநீர்க் கட்டிகள் வீங்கியிருக்கின்றனவா என்று மூன்று தடவை தேடினாள். வீங்கவில்லை. ஈரலில் ஒன்றும் தெரியவில்லை. அந்த இரண்டு 'இல்லை'களைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

துறைத் தலைவர் டாக்டர் ஹைதரின் அறை ஆறாம் மாடியில். அவர் கெட்டவர் இல்லை. இந்த அமைப்புக்கு ஆள் கேட்டு, இடம் கேட்டு, நிர்வாகத்தோடு மல்லுக்கு நின்றவர் அவர்தான். அவள் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"உங்க அண்ணி விசயத்துல வருத்தமா இருக்கு, பிரமிளா. எந்த உதவி வேணும்னாலும் செய்வோம். வெள்ளிக்கிழமையே பயாப்ஸி போடச் சொல்றேன்."

"மீதி முந்நூத்திப் பத்துப் பேரு, டாக்டர்?"

"கூப்பிடத்தான் போறோம். யாரு வேணாம்னா? திங்கட்கிழமை ஆரம்பிப்போம். வெள்ளிக்கிழமை கையெழுத்தாயிடட்டும்."

"இன்னைக்கு புதன்."

"அஞ்சு நாள். எட்டு மாசம் போயிடுச்சு. இன்னும் அஞ்சு நாள்ல யாருக்கு என்ன ஆயிடும், சொல்லுங்க?" அவர் குரல் தாழ்ந்தது. "இப்ப நீங்க எழுத்துல கொடுத்தா நான் மேல அனுப்பியே ஆகணும். அனுப்பினா அமைப்ப நிறுத்திடுவாங்க. அஞ்சு ஆஸ்பத்திரியும் பின்வாங்கும். முப்பத்தெட்டுப் பேர நீங்க காப்பாத்தினீங்க. அந்த அஞ்சு இடத்துல இன்னும் முந்நூறு பேரு இருப்பாங்க, உங்க கண்ணுக்குத் தெரியாம. அவங்களையும் கணக்குல எடுங்க."

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் பிரமிளாவுக்குக் கஷ்டமாக இருந்தது. யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு இறங்கி வந்தாள்.

அறையில் ருக்குமணி இரண்டு தட்டு போட்டு வைத்திருந்தாள். சாப்பிட்டுவிட்டே சொல்லலாம் என்று பிரமிளா உட்கார்ந்தாள். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

"சொல்லிடு" என்றாள் ருக்குமணி. "நீ பள்ளிக்கூடத்துல மார்க் கொறைஞ்சா இப்படித்தான் சோத்தப் பெசைவே."

பிரமிளா சொன்னாள். நுரையீரலில் ஒரு கட்டி இருப்பதை, பயாப்ஸி செய்யாமல் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதை, ஆனால் தனக்கு அது நல்லதாகப் படவில்லை என்பதை. இப்போதும் அறுத்து எடுக்கிற அளவில்தான் இருக்கிறது, பரவியதாகத் தெரியவில்லை என்பதையும் சொன்னாள்.

ருக்குமணி எச்சில் கையைத் தட்டின் மேலேயே வைத்துக்கொண்டு கேட்டாள். கை காய்ந்துபோயிற்று.

"உனக்கு எப்ப தெரியும்?"

"ஒரு புள்ளி இருக்குன்னு நேத்து சாயங்காலம் தெரியும்."

"காலைல சும்மான்னு சொன்னே."

"சொன்னேன், அண்ணி. பொய்தான்."

"சரி."

"இன்னொண்ணு இருக்கு." இதைச் சொல்லும்போது பிரமிளா எழுந்து நின்றுகொண்டாள், ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. பதினான்கு மாதத்துக்கு முந்தைய அறிக்கையைச் சொன்னாள். தான் போட்ட விதியை, திறக்காமல் விட்ட பட்டியலைச் சொன்னாள். "ஆகஸ்ட்லேயே உங்களக் கூப்பிட்டிருக்கணும். அப்ப இது இவ்வளவு பெருசா இருந்திருக்காது. நான்தான் விட்டுட்டேன்."

ருக்குமணி எழுந்து மூலையிலிருந்த தொட்டியில் கை கழுவினாள். பாத்திரத்தையும் கழுவினாள். மூன்று அடுக்கையும் ஒவ்வொன்றாகக் கழுவி, டிஷ்யூவால் துடைத்து, அடுக்கி, கொக்கியை மாட்டினாள். அதுவரை திரும்பவே இல்லை.

"இத உங்கண்ணன்கிட்ட சொல்லாதே" என்றாள்.

"அண்ணி..."

"நோய சொல்லு. அத மறைக்க முடியாது. யாரு விட்டாங்கங்கிறது எதுக்கு? அப்பா விசயத்துல உம்மேல இருந்த கோவம் எறங்கவே மூணு வருசம் ஆச்சு. இன்னைக்கு ஜெட்டியில உன்னப் பாக்கப்போறோம்னு காலைல சட்டை மாத்திட்டுப் போயிருக்காரு. வர்க்‌ஷாப்புக்கு யாரு நல்ல சட்டை போட்டுட்டுப் போவா?" அவள் திரும்பினாள். கண் சிவந்திருந்தது, ஆனால் அழவில்லை. "நான் ஆபரேசனுக்கு உள்ள போனா வெளில நீங்க ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல உக்காந்திருக்கணும். எனக்கு அது போதும். நான் உன்ன மன்னிச்சாச்சு. விடு. நோய் எனக்குத்தானே வந்திருக்கு? நான் சொல்றத கேளு."

பிரமிளா அவள் கையிலிருந்து பாத்திரத்தை வாங்கி மேசையில் வைத்தாள். அண்ணி அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

மத்தியானம் வந்த நோயாளிகளை அவள் எப்படிப் பார்த்தாள் என்பது பிறகு அவளுக்கு நினைவில்லை. நடுவில் ஒரு முறை ஷரீஃபா கதவைத் திறந்து முகத்தை மட்டும் காட்டினார். பிரமிளா கையால் பொறுக்கச் சொன்னாள். ஷரீஃபா கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். ஹைதருக்கு எழுத வேண்டிய கடிதத்தை நான்கு மணிக்கு எழுதி முடித்தாள். ஒன்றரைப் பக்கம். போனில் அது அனுப்பப்படாமல் இருந்தது.

ஐந்தே முக்கால் ஃபெரியில் வேலை விட்டுப் போகிறவர்கள் கூட்டம். ஓரத்து இருக்கையில் இருவருக்கும் இடம் கிடைத்தது. ருக்குமணி பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு, பிரமிளாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கடல் அமைதியாக இருந்தது. தீவையும் அக்கரையையும் இணைக்கும் பாலத்தின் பக்கம் மழை இறங்கிக்கொண்டிருந்தது.

பாதி தூரம் போனபின் பிரமிளா, "அண்ணி, நான் சொல்லத்தான் போறேன்" என்றாள்.

ருக்குமணி அவள் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னும் முந்நூத்திப் பத்து வீட்டுக்கு நான் இதச் சொல்லணும். உங்கள மறந்துட்டோம், தப்பு எங்க மேலன்னு சொல்லணும். சொந்த வீட்டுல மறைச்சிட்டு அவங்ககிட்ட எந்த மூஞ்சிய வச்சிட்டுப் போவேன்?"

"நான் கேட்டும் சொல்லுவியா?"

"சொல்லுவேன்."

"எனக்காக ஒண்ணே ஒண்ணு கேட்டேன், பிரமி."

"தெரியும், அண்ணி."

ருக்குமணி கையை எடுத்துக்கொண்டாள். கோபமாக உதறவில்லை, பாத்திரம் சரிவதுபோல அதைப் பிடிக்க எடுத்தாள், திரும்பக் கொடுக்கவில்லை. ஃபெரி பட்டர்வொர்த் கரையைத் தொட்டது.

கோகுலன் தன் காரை வாகனங்கள் ஏற்றி இறக்கும் இடத்தில் நிறுத்திவிட்டு வெளியே நின்றுகொண்டிருந்தான். நீலக் கட்டம் போட்ட சட்டை, மடிப்புக் கலையவில்லை. தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. ஜுருவில் கார் பழுது பார்க்கும் பட்டறையில் முப்பது வருடம். நகக்கண்ணில் எண்ணெய்க் கறுப்பு அப்படியே இருந்தது. தங்கையைப் பார்த்ததும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் காடியின் கதவைப் பார்த்தான்.

"எளச்சிட்டே" என்றான்.

"நீங்களும்தான், அண்ணே."

"சாப்பிடறியா ஒழுங்கா? வா, வீட்டுக்கு வந்துட்டுப் போலாம்லா. நானே கொண்டாந்து விடறேன்."

மூன்று வருடம் அவள் காத்திருந்த வார்த்தை அது. ஒரு நிமிடம், வெறும் ஒரு நிமிடம், பிரமிளா காடியில் ஏறிவிடலாம் என்று நினைத்தாள். ருக்குமணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, மொதல்ல ஒண்ணு சொல்லணும். கேட்டுட்டு அப்புறம் கூப்பிடுங்க."

"பிரமி, வேணாம்" என்றாள் ருக்குமணி.

அவள் சொன்னாள். அண்ணிக்கு நுரையீரலில் கட்டி என்றபோது கோகுலன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். ருக்குமணி தலையைக் குனிந்துகொண்டாள். போன வருடமே அது ஸ்கேனில் தெரிந்தது, அதைப் பார்க்க வேண்டிய பட்டியல் தன் பொறுப்பில் இருந்தது, தான் பார்க்கவில்லை என்று பிரமிளா வரிசையாகச் சொல்லி முடித்தாள். மோட்டார் சைக்கிள்கள் அவர்களைச் சுற்றிக்கொண்டு போயின.

"அப்ப எவ்வளவு இருந்துச்சு?" என்றான் கோகுலன்.

"ஏழு மில்லிமீட்டர்."

"இப்ப?"

"பத்தொன்பது."

அவனுக்கு அந்த அளவுகளை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஏழும் பத்தொன்பதும் அவன் தினமும் கையில் எடுக்கிற ஸ்பேனர் நம்பர்கள். வலது கையின் இரண்டு விரல்களை அவன் விலக்கிப் பார்த்தான். பிறகு கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"நீ பாக்கணும். நீ பாக்கலே."

"ஆமா, அண்ணே."

"ஏன்?"

"வேலை அதிகமாயிடுச்சு. அவசரமில்லாததுன்னு நெனச்சேன்."

"ஒரு காடிய நான் பிரேக் பாக்காம வெளிய விட்டு, அது போய் மோதிச்சுன்னா, வேலை அதிகம்னு நான் சொல்ல முடியாது." அவன் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அப்பா விசயத்துல நான் பேசினது தப்புன்னு சொல்லத்தான் இன்னைக்கு வந்தேன். இவளும் நாலு நாளா சொல்லிக்கிட்டே இருந்தா."

"ஏங்க, அவ வேணும்னு செய்யலே" என்றாள் ருக்குமணி. "எங்கிட்ட சொல்லிட்டா. உங்ககிட்டயும் சொல்லிட்டா. சொல்லாம இருந்திருக்கலாம்ல?"

கோகுலன் காடியின் கதவைத் திறந்து, மனைவியின் தோளில் கைவைத்து, மெல்ல உட்காரவைத்தான். பாத்திரத்தை வாங்கிப் பின் சீட்டில் வைத்தான்.

"அடுத்தது என்ன?"

"வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு பயாப்ஸி."

"நான் கூட்டியாறேன். பாக்கிறது வேற டாக்டரா இருக்கட்டும். நீ அந்த ரூம்ல இருக்க வேணாம்."

"சரி, அண்ணே."

அவன் சுற்றிப் போய்த் தன் பக்கத்துக் கதவைத் திறந்தான். ஏறாமல் நின்றான்.

"அந்த லிஸ்ட்ல இவ மட்டுமா?"

"இல்லே. இன்னும் முந்நூத்திப் பத்துப் பேரு."

"அவங்களுக்கெல்லாம் சொல்லியாச்சா?"

"இன்னும் இல்லே."

"அப்ப இங்க நின்னு என்ன பண்ணிக்கிட்டு இருக்கே?" என்றான் கோகுலன்.

காடி கிளம்பியது. கண்ணாடிக்குப் பின்னால் ருக்குமணி கையை உயர்த்தியது போலவும் இருந்தது, கண்ணைத் துடைத்தது போலவும் இருந்தது. வீட்டுக்கு வா என்று அண்ணன் சொன்ன வார்த்தை அங்கேயே தார் ரோட்டில் கிடந்தது. அவன் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை, மறுபடி சொல்லவும் இல்லை.

திரும்புகிற ஃபெரியில் ஆளே இல்லை. பிரமிளா உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு கடிதத்தை மறுபடி ஒரு தடவை படித்தாள். 'கவனக்குறைவு நேர்ந்தது' என்று ஓரிடத்தில் எழுதியிருந்தாள். அதை அழித்துவிட்டு, 'நான் பார்க்கவில்லை' என்று மாற்றினாள். ஹைதருக்கும் மருத்துவமனை இயக்குநருக்கும் சேர்த்து அனுப்பினாள். அனுப்பிய பிறகு பயம் வந்தது. 

பிறகு ஷரீஃபாவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, வீட்டுக்குப் போயிட்டீங்களா?"

"இல்லே, டாக்டர். இங்கதான் இருக்கேன். அஞ்சு மணி வரைக்கும் நீங்க சொன்ன மாதிரி பொறுத்தேன். அதுக்கு மேல முடியலே. என் பொறுப்புல கூப்பிட ஆரம்பிச்சுட்டேன். திட்டினா திட்டிக்குங்க."

"திட்டலே. நான் இப்ப லெட்டர் அனுப்பிட்டேன். எத்தனை பேரு ஆச்சு?"

"இருபத்திரண்டு. பதினாறு பேரு எடுத்தாங்க. பதினஞ்சு பேருக்கு வர்ற வாரம் நேரம் கொடுத்துட்டேன். ஒரு ஆள் பயந்துட்டாரு, அவருக்குத்தான் ரொம்ப நேரம் பேச வேண்டியதாயிடுச்சு." ஷரீஃபா நிறுத்தினார். பின்னால் வேறு ஒரு தாதி மலாயில் யாருக்கோ முகவரி சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது. ஆக, அவர் தனியாக இல்லை.

"அக்கா? சொல்லுங்க."

"ஒம்பதாவது பேரு. லெட்சுமின்னு. நிபோங் திபால். போன் எடுத்தது அவங்க மகன், குணாளன்னு பேரு." ஷரீஃபா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அம்மா மார்ச்சுல தவறிட்டாங்களாம், டாக்டர். ஜனவரியில இருமல்னு வேற ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்க. நுரையீரலாம். அப்பவே எல்லாம் பரவிடுச்சாம்."

பிரமிளாவின் போனில் இன்னொரு அழைப்பு வந்து அதிர்ந்தது. ஹைதர். அவள் அதை எடுக்கவில்லை.

"அவருகிட்ட என்ன சொன்னீங்க?"

"பொய் சொல்ல வாய் வரலே. ஸ்கேன் விசயமா கூப்பிட்டோம்னேன். 'எந்த ஸ்கேன், எப்ப எடுத்தது'ன்னு கேட்டாரு. தேதி சொன்னேன். அப்புறம் ரொம்ப நேரம் பேசலே. வச்சிட்டாருன்னு நெனச்சேன். வைக்கலே. 'நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்கு வர்றேன், இதுக்குப் பொறுப்பு யாரோ அவங்களப் பாக்கணும்'னாரு." ஷரீஃபா தயங்கினார். "டாக்டர் ஹைதரப் பாக்கச் சொல்லட்டுமா? இல்ல, புகார் கவுன்டருக்கு அனுப்பட்டுமா?"

ஃபெரி கரையைத் தட்டி நின்றது. கதவு இறங்கியது. பிரமிளா இறங்காமல் நின்றாள். ஒன்பதாவது பெயரை அவள் நேற்றே படித்திருந்தாள். அறுபத்து நான்காவதைத் தேடித் தேடிச் சரிபார்த்த அவசரத்தில், மற்ற பெயர்களெல்லாம் உயிரோடு இருப்பவர்களின் பெயர்கள் என்றே எடுத்துக்கொண்டிருந்தாள்.

"கவுன்டருக்கு அனுப்பாதீங்க, அக்கா" என்றாள். "எட்டரைக்கே நான் வாசல்ல நிக்கிறேன். என்கிட்ட வரட்டும்."

"தனியாவா?"

"தனியாத்தான்" என்று சொல்லிவிட்டு, மருத்துவமனைக்குப் போகும் பேருந்தை நோக்கி வேகமாக நடந்தாள். ஷரீஃபாவிடம் இருபத்து மூன்றாவது பெயரிலிருந்து ஐம்பதாவது வரை தான் கூப்பிட எடுத்துவைக்கச் சொன்னாள்.